வீட்டுப் பட்டறைக்கு ஏர் கம்ப்ரசர்: டேங்கைவிடக் காற்றைப் பாருங்கள்

கம்ப்ரசர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எத்தனை ஹெச்.பி., எத்தனை லிட்டர் டேங்க்?" என்றுதான். முதலில் கேட்க வேண்டியது வேறு: 90 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) அழுத்தத்தில் நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று வரும்? அதாவது சி.எஃப்.எம். எவ்வளவு?

டயருக்குக் காற்றடிக்க, தூசி ஊத, சிறு ஆணி அடிக்கும் கன்னுக்கு 2 சி.எஃப்.எம். தாராளம். நட்டு கழற்றும் அரை இஞ்ச் இம்பாக்ட் ரென்ச் 4 முதல் 5 வரை கேட்கும். ஹெச்.வி.எல்.பி. ஸ்ப்ரே கன்னும் (குறைந்த அழுத்தத்தில் நிறையக் காற்றோடு பெயின்ட் அடிப்பது) காற்றில் ஓடும் சாண்டரும் (தேய்த்து வழவழப்பாக்கும் கருவி) பலசமயம் 8 முதல் 12 வரை இழுக்கும். ரென்ச்சை விட்டுவிட்டு அழுத்துவதால் டேங்கில் இருக்கும் காற்றே சமாளித்துவிடும். சாண்டர் அப்படியல்ல, டேங்க் எவ்வளவு பெரிதானாலும் சில நிமிடத்தில் அழுத்தம் இறங்கி, டிஸ்க் வேகம் குறைந்து தடவ ஆரம்பிக்கும். அங்கே பம்ப்தான் ஈடுகொடுக்க வேண்டும். உங்களிடம் அதிகக் காற்று கேட்கும் கருவி எதுவோ, அதன் தேவைக்கு மேல் 30 முதல் 50 சதவீதம் கூட்டி வாங்குங்கள்.

லேபிளில் 'டிஸ்பிளேஸ்மென்ட்' என்று இருந்தால் அது பிஸ்டன் அளவையும் வேகத்தையும் வைத்துப் போட்ட கணக்கு. குழாயில் வருவது அதைவிட நன்றாகவே குறைவு. ஒரு ஹெச்.பி.க்கு 3 முதல் 4 சி.எஃப்.எம். என்று மனதில் வைத்துக்கொண்டால் ஏமாற மாட்டீர்கள்.

சந்தேகம் இருந்தால் கடையிலேயே சோதிக்கலாம். வெளிவாயிலை மூடிவிட்டு மோட்டாரை ஓட விடுங்கள். முள் 6 பாரிலிருந்து (பார் என்பதும் அழுத்த அலகுதான்) 8 பாருக்கு ஏற எத்தனை விநாடி என்று பாருங்கள். 50 லிட்டர் டேங்கில் 2 பார் ஏறினால் 100 லிட்டர் காற்று உள்ளே போயிருக்கிறது. அதற்கு ஒரு நிமிடம் ஆனால், நிமிடத்துக்கு 100 லிட்டர், ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் என்பதால் 28.3ஆல் வகுத்தால் சுமார் 3.5 சி.எஃப்.எம்.

எப்போதாவது பயன்படுத்த ஆயில் இல்லாத ரகம் போதும், ஆனால் மலிவான மாடல்கள் காதைப் பிளக்கும். மணிக்கணக்கில் வேலை என்றால் ஆயில் போட்ட பெல்ட் டிரைவ்தான் நின்று உழைக்கும். அதற்குக் கம்ப்ரசர் ஆயில்தான் ஊற்ற வேண்டும். கார் என்ஜின் ஆயில் வால்வில் கரி படிய வைக்கும். சிறிய கம்ப்ரசர்கள் பலவும் பாதி நேரம்தான் ஓடலாம்: 10 நிமிடத்தில் 5 நிமிடம். அதற்கு மேல் ஓட்டினால் தலைப்பகுதி கொதித்துப் போகும்.

பட்டறையின் மூலைவரை எட்டவில்லையா? எக்ஸ்டென்ஷன் வயரை நீட்டாமல் ஹோஸை நீட்டுங்கள். மெல்லிய நீள வயரில் வோல்டேஜ் இறங்கும். மோட்டார் கிளம்பத் திணறி, காயில் எரிந்துவிடும். ஹோஸின் உள்விட்டம் 3/8 இஞ்ச் இருக்கட்டும். காற்று லைனுக்குப் பி.வி.சி. குழாய் மட்டும் வேண்டாம். அது உடைந்தால் சில்லு சில்லாகத் தெறிக்கும்.

பழையது வாங்குவதாக இருந்தால், அழுத்தத்தை இறக்கிவிட்டு அடியிலுள்ள டிரெயின் வால்வைத் திறந்து பாருங்கள். துருத் துகள்களோடு செந்தண்ணீர் கொட்டினால் டேங்க் உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருக்கிறது. மோட்டார் நின்ற பிறகும் பிரஷர் ஸ்விட்ச் அருகே 'உஸ்' சத்தம் நிற்கவில்லை என்றால் டேங்க் காற்று திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வ் கசிகிறது. அது சிறு செலவு. டேங்கில் வெல்டிங் ஒட்டு தெரிந்தால் மட்டும், விலை எவ்வளவு குறைவானாலும் வாங்காதீர்கள்.