காந்த மெத்தைக்கு ஒரு கேலிப்படம் போடுவது எப்படி

திருப்பூரில் டி-ஷர்ட்டுக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் போடுவது என் தொழில். போன ஐப்பசியில் பெரியப்பா ஏதோ மண்டபத்தில் டெமோ பார்த்துவிட்டு 38,000 ரூபாய்க்குக் காந்த மெத்தை வாங்கி வந்தார். மூட்டுவலி, சர்க்கரை எல்லாம் போய்விடுமாம். "படுத்துப் பாரு கண்ணு, உனக்கே தெரியும்" என்றார். சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. படம் போட்டேன். நீங்களும் போடலாம்.

மெத்தை விற்றவர்கள் கொடுத்த நோட்டீஸைக் கிழித்துவிடாதீர்கள், கேலிக்கான சரக்கு அதில்தான் இருக்கிறது. மறுத்துப் பேச வேண்டாம். எழுதியிருப்பதை அப்படியே நம்பி வரையுங்கள். லண்டனில் ஜேம்ஸ் மோரிசன் என்பவர் சகல நோய்க்கும் தாவர மாத்திரை விற்றார். தாவரம்தானே, சரி என்று சி. ஜே. கிரான்ட் என்ற கேலிப்படக்காரர் 1831-இல் ஒரு படம் போட்டார்: மாத்திரை தின்ற காய்கறிக் கடைக்காரர் உடம்பெல்லாம் காய்கறி முளைத்து நிற்கிறார். நானும் மெத்தையை நோக்கி அரிவாள், மண்வெட்டி, பக்கத்து வீட்டு சைக்கிள் எல்லாவற்றையும் பறக்கவிட்டேன். எவர்சில்வர் சொம்பை மட்டும் விட்டுவிட்டேன். அது பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது. பள்ளிக்கூடத்துப் பையன்களே பிடித்துவிடுவார்கள்.

அப்புறம், நோயின் காரணத்தைப் படத்துக்குள்ளேயே எங்காவது வையுங்கள். இதில் அந்தக் கால லண்டன் கேலிப்படக்காரர் ஜேம்ஸ் கில்ரே கெட்டிக்காரர். அமெரிக்காவில் எலிஷா பெர்கின்ஸ் 1796-இல் காப்புரிமை வாங்கிய, மூன்று அங்குல நீள உலோகக் குச்சிகள் இரண்டு. வலிக்கிற இடத்தில் இழுத்தால் போதுமாம், லண்டனில் விலை 5 கினி (அந்தக் காலத்து இங்கிலாந்துத் தங்கக் காசு). 1801-இல் கில்ரே வரைந்த படத்தில், சிவந்து வீங்கிய ஒருவர் மூக்கில் குச்சியை வைத்ததும் தீ பறக்கிறது. பக்கத்து மேஜையிலோ பிராந்தி! நான் கட்டிலோரம் அரைக் கிலோ மைசூர்பாகு வைத்தேன்.

ஆனால் நோயாளியைக் கோமாளியாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. 1799-இல் இங்கிலாந்தின் பாத் நகரில் டாக்டர் ஜான் ஹேகார்த், உலோகம் போலத் தோற்றம் கொடுத்த மரக்குச்சிகளால் ஐந்து பேருக்கு இழுத்துப் பார்த்தார். நான்கு பேர் வலி குறைந்தது என்றார்கள். மறுநாள் அசல் குச்சிக்கும் அதே பலன்தான். பெரியப்பாவும் பொய் சொல்லவில்லை, அவருக்கு நிஜமாகவே இதமாக இருக்கிறது. அதனால் விற்பவர் முகத்தைப் பெரிதாகப் போட்டு, படுத்திருப்பவரின் காலை மட்டும் காட்டினேன்.

அச்சுக்கு அனுப்பும் முன் விஷயம் பொய்தானா என்று நன்றாக விசாரியுங்கள். அதே கில்ரே 1802-இல், டாக்டர் எட்வர்ட் ஜென்னர் மாட்டம்மையிலிருந்து எடுத்த பெரியம்மைத் தடுப்பூசியைப் போட்டுக்கொண்டவர்கள் உடம்பில் மாடு முளைப்பதாக வரைந்தார். படம் அருமை. ஆனால் ஜென்னரின் ஊசி வேலை செய்தது.

கில்ரே காலத்தில் செப்புத் தகட்டில் அச்செடுத்துக் கையால் வண்ணம் தீட்டினார்கள். நமக்குக் கறுப்புக் கோட்டுக்கு ஒரு ஸ்கிரீன், சிவப்புக்கு ஒன்று போதும். வசனத்தைப் பொடி எழுத்தில் போடாதீர்கள். பனியன் துணியில் மை பரவி எழுத்து அடைத்துக்கொள்ளும்.

இருபது பீஸ் அடித்தேன். பெரியப்பா வந்து பார்த்துச் சிரித்தார். "எனக்கும் ஒண்ணு எக்ஸ்எல் சைஸ்ல குடு சாமி" என்றார். அதைப் போட்டுக்கொண்டுதான் இப்போது அந்த மெத்தையில் தூங்குகிறார்.