பராமரிப்பு அறிவிப்பு வந்தபின் கேம் சர்வர் நடத்துவோர் தவிர்க்க வேண்டியவை

சர்வர் இயந்திரங்கள் வைக்கப்பட்டிருக்கும் டேட்டா சென்டரிலிருந்து பராமரிப்பு அறிவிப்பு வந்தவுடன் புதிதாகக் கேம் சர்வர் நடத்துவோர் செய்வதைப் பார்த்தால், எங்கள் காலத்துப் பிழைகளே வரிசை மாறாமல் திரும்புகின்றன. பேக்கப் எடுக்க மறப்பதையும் விளையாடுவோருக்குத் தகவல் சொல்லாமல் விடுவதையும் எழுதித்தான் தெரிய வேண்டும் என்றில்லை; அவற்றை விட்டுவிடுகிறேன்.

அறிவிப்பில் உள்ள நேரத்தை அப்படியே பகிர்வது

வெள்ளிக்கிழமை 22:00 யுடிசி (உலகப் பொது நேரம்) என்பது இந்திய நேரப்படி சனிக்கிழமை அதிகாலை 3:30. கிழமையே மாறுகிறது. ஐரோப்பிய நிறுவனம் உள்ளூர் நேரத்தில் அறிவித்திருந்தால், மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் நகர்வதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். நான்கு மணி நேர அவகாசம் குறிக்கப்பட்டிருந்தால், அதற்குள் எந்த நிமிடத்திலும் மின்சாரம் நிற்கலாம் என்றே பொருள். 'முதல் மணி நேரத்தில் ஒன்றும் ஆகாது' என்று ஆட்டத்தைத் தொடர விடுபவர்களிடம் நான் வாதாடுவதை நிறுத்திவிட்டேன்.

இயந்திரம் அணைவதும் விளையாட்டு நிற்பதும் ஒன்றென நினைப்பது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். இயந்திரத்தை வாடகைக்குத் தரும் நிறுவனம் அணைப்பது அந்த இயந்திரத்தை மட்டுமே. அதனுள் ஓடும் உலகம் சேமிக்கப்பட்டதா என்பது அதன் கவலை அன்று. நிரல்களைத் தனித்தனிக் கொள்கலன்களில் ஓட்டும் டாக்கர் என்ற மென்பொருளில் ஓடும் மைன்கிராஃப்ட் ஜாவா சர்வரை எடுத்துக்கொள்வோம். நிறுத்தச் சொன்னால் முதலில் சிக்டெர்ம் என்னும் சமிக்ஞை செல்லும். மாற்றி அமைக்காதவரை 10 வினாடிகள் மட்டுமே காத்திருந்து, அதற்குள் முடியாவிட்டால் சிக்கில் அனுப்பி டாக்கர் அதை வலிந்து முடித்துவிடும். சிறிய உலகம் அதற்குள் வட்டில் எழுதப்பட்டுவிடலாம். பலர் மாதக்கணக்கில் கட்டியெழுப்பிய உலகத்துக்கு அது போதாமல் போகும். ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) வழியாக ஜாவாவைத் தொடங்கி, ஸ்கிரிப்டின் இடத்தில் ஜாவாவையே அமர்த்தும் 'எக்ஸெக்' என்ற சொல்லை அந்த வரியில் சேர்க்காமல் விட்டவர்களின் நிலை இன்னும் மோசம்: சமிக்ஞை ஸ்கிரிப்டோடு நின்றுவிடுவதால் ஜாவாவுக்குச் செய்தியே எட்டாது.

கல்லூரி மாணவர்கள் நடத்திய ஒரு சர்வரில், பராமரிப்பு முடிந்து திறந்தபோது சிலரிடம் வைரங்கள் இரட்டித்திருந்தன; வேறு சிலர் பெட்டியில் வைத்தவை காணாமல் போயிருந்தன. ஏமாற்று வேலை என்று முடிவுகட்டிய நிர்வாகி, வைரம் இரட்டித்தவர்களைத் தடை செய்தார். உண்மையில் நடந்தது வேறு. ஒருவர் வெளியேறும்போது அவருடைய கைப்பொருள் விவரம் உடனே எழுதப்படுகிறது. ஆனால் பக்கத்தில் இன்னொருவர் நின்றிருந்தால் பெட்டி இருக்கும் நிலப்பகுதி நினைவகத்திலேயே தங்கி, பிறகுதான் வட்டுக்குப் போகிறது. இடையில் சர்வர் அறுபட்டால், பெட்டியிலிருந்து எடுத்தவருக்குக் கையிலும் பெட்டியிலும் பொருள் இருக்கும். பெட்டியில் வைத்தவருக்கு இரண்டிலும் இராது. தடை நீக்கப்பட்ட பிறகும் அவர்களில் பெரும்பாலோர் திரும்பி வரவில்லை.

ஆகவே குறித்த நேரத்துக்கு அரை மணி முன்பே புதியவர்கள் நுழைவதை அடைத்து, உள்ளே இருப்பவர்களை வெளியேறச் சொல்லி, சர்வரின் கட்டளைத் திரையான கன்சோலில் 'ஸ்டாப்' கட்டளை கொடுத்து, எல்லா உலகங்களும் சேமிக்கப்பட்டன என்ற வரி பதிவில் வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே பேக்கப் எடுக்க வேண்டும். டாக்கரின் மறுதொடக்க விதி 'ஆல்வேஸ்' என்றிருந்தால் அதையும் மாற்றுங்கள். பராமரிப்பின் நடுவே இயந்திரம் ஒருமுறை எழுந்தாலும், நீங்கள் கையால் நிறுத்திய சர்வரை அந்த விதி மீண்டும் ஓட்டிவிடும். விளையாட்டு வெறியர்கள் நுழைந்த நேரம் பார்த்து அடுத்த மின்வெட்டு வரும்.

'இரட்டை மின்வழி உண்டு, பாதிப்பு இராது' என்பதை நம்புவது

இரண்டு மின்வழிகளில் ஒன்றை அணைத்து வேலை பார்க்கும்போது மற்றது முழுச் சுமையையும் தாங்க வேண்டும். இரண்டுமே பாதிக்கு மேல் சுமந்துகொண்டிருந்தால், மிஞ்சிய வழியின் பிரேக்கரும் விழுந்துவிடும். ஒரே சர்வரின் இரண்டு கம்பிகளும் ஒரே வழியில் செருகப்பட்டிருப்பதையும் பார்த்திருக்கிறேன். சொந்த இயந்திரம் வைத்திருப்பவர்கள், கம்பிகள் செருகப்பட்டிருப்பதை முன்கூட்டியே படம் எடுத்து அனுப்பும்படி டேட்டா சென்டரிடம் சொல்லுங்கள்.

பேக்கப்பை அதே கட்டடத்தில் வைப்பது

2021 மார்ச் 10 அன்று ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, ரஸ்ட் விளையாட்டின் 25 ஐரோப்பிய சர்வர்களின் தரவு மீட்க முடியாமல் போனது.

ஐபி மாறும் நாளில் டிஎன்எஸ் நினைவுக்கு வருவது

சர்வரின் பெயரை ஐபி என்னும் எண் முகவரியோடு இணைப்பது டிஎன்எஸ்; அந்த விவரத்தை மற்ற கணினிகள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்பதே டிடிஎல். அது 86400 வினாடி, அதாவது ஒரு நாள், என்றிருந்தால், அதை 300 ஆகக் குறைக்க வேண்டியது முந்தைய நாளுக்கு முன்பே.

திரும்பியவுடன் எல்லோரையும் உள்ளே விடுவது

முதலில் அனுமதிப் பட்டியலில் உள்ள சிலர் மட்டும்.

நின்ற நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது

விளையாட்டுக்குள் உள்ள நில வாடகை, பணம் கட்டியவர்களுக்கான கட்டணச் சலுகை போன்றவை நிஜ நேரத்தில் கணக்கிடப்பட்டால், சர்வர் நின்றிருந்த மணி நேரங்களை அனைவருக்கும் ஒரே கட்டளையில் சேர்த்துவிடுங்கள். முறையிட்டவர்களுக்கு மட்டும் கொடுத்தால் முறையீடுகள் ஒரு வாரத்துக்கு ஓயாது.