வேலூர் வெயிலில் வாட்டர் கலர்: புதிதாகப் பழகுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளியில் உட்கார்ந்து படம் வரையப் பழக வேண்டும் என்று ஆசை வந்ததும் எங்கள் பக்கத்தில் பலரும் முதலில் ஏலகிரிக்குத்தான் கிளம்புகிறார்கள். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மேலே போனால் கீழே சமவெளி முழுக்க விரிந்து கிடக்கும். ஊர்கள், தென்னந்தோப்புகள், ஏரிகள், ரோடு, அதற்கப்பால் இன்னொரு மலை. அத்தனையையும் ஒரே தாளில் அடக்கப் பார்ப்பார்கள். ஒரு மணி நேரத்தில் கை சோர்ந்து, "இது நமக்கு வராது" என்று பெட்டியை மூடிவிடுவார்கள்.

வராமல் போவதற்குத் திறமைக் குறைவு காரணம் இல்லை. எடுத்துக்கொண்ட காட்சி மிகப் பெரியது, அவ்வளவுதான். பழகத் தொடங்குகிறவருக்கு ஒரு பாறை போதும், ஒரு பனைமரம் போதும். வேலூரில் மொட்டை மாடியில் ஏறி நின்றாலே ஏதாவது ஒரு குன்று தெரியும். கோட்டைக்குக் கிழக்கே இருப்பவர்களுக்கு சஜ்ஜரா, குஜ்ஜரா குன்றுகள் ஜன்னலுக்கு எதிரிலேயே நிற்கின்றன. ஒரே குன்றைத் திரும்பத் திரும்ப வரையுங்கள். ஊர் ஊராகப் போய் வரைவதைவிட இதில்தான் கண் சீக்கிரம் பழகும்.

அடுத்தது நேரம். ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாக டிபன் சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்கு வந்து உட்காருவது பெரிய தவறு. சூரியன் உச்சிக்கு வர வர நிழல்கள் சுருங்கி மரத்தடிக்குள் போய்விடும், மலையின் மடிப்புகள் மறைந்து மொத்தமும் தட்டையாகத் தெரியும். காலை ஆறு மணிக்கு அதே மலையைப் பாருங்கள். ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல் என்று வடிவம் தானாகவே பிரிந்து நிற்கும். ஆறிலிருந்து எட்டரை வரை, இல்லையென்றால் மாலை நான்கரைக்கு மேல். அக்னி நட்சத்திர நாட்களில் காலையை மட்டும் வைத்துக்கொண்டு மாலையை விட்டுவிடலாம்.

அந்த இரண்டரை மணி நேரத்திலும் நிழல் நகர்ந்துகொண்டேதான் இருக்கும். வந்து உட்கார்ந்ததும் நிழல் எங்கெங்கே விழுந்திருக்கிறது என்று பென்சிலால் லேசாகக் குறித்துவிடுங்கள். அப்புறம் அது எங்கே போனாலும் துரத்தக் கூடாது. துரத்தினால் படத்தில் ஒரு மரத்துக்கு ஆறு மணி நிழலும் பக்கத்து மரத்துக்கு எட்டு மணி நிழலும் விழும். பார்ப்பவருக்குக் காரணம் புரியாவிட்டாலும் ஏதோ இடிக்கிறது என்று தெரிந்துவிடும். தாள் மேல் நேரடி வெயில் படும்படி உட்காருவதும் வேண்டாம். வெள்ளைத் தாள் கண்ணைக் கூசச் செய்வதால் போடுகிற நிறமெல்லாம் வெளிறித் தெரியும், நீங்களும் கனமாகப் பூசிக்கொண்டே போவீர்கள். வீட்டுக்குள் வந்து பார்த்தால் படம் இருண்டு கிடக்கும்.

பொருள்கள் வாங்கும்போது நிறத்தில் செலவழித்துவிட்டுத் தாளில் மிச்சம் பிடிப்பவர்கள் அதிகம். இருபத்து நான்கு நிறப் பெட்டி வாங்குவார்கள், தாள் மட்டும் பள்ளிக்கூட டிராயிங் நோட்டு. மெல்லிய தாள் தண்ணீர் பட்டதும் அலை அலையாகச் சுருண்டு, நிறம் பள்ளங்களில் போய்த் தேங்கிவிடும். வாட்டர் கலருக்கென்று விற்கிற 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) தடித்த தாள் விலை கூடுதல்தான். ஒரு தாளை நான்காகக் கிழித்துச் சின்னதாக வரையுங்கள், கட்டுப்படியாகும். நிறங்களில் ஐந்து இருந்தால் போதும்: லெமன் யெல்லோ, யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), கிரிம்சன் (அடர் சிவப்பு), அல்ட்ராமரைன் நீலம். பெரிய பிரஷ் ஒன்று, நடுத்தரமாக ஒன்று.

குளிர் நாடுகளில் எடுத்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு அதேபோல இங்கே செய்யப் பார்ப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அவர்கள் வானத்தில் ஒரு பூச்சு போட்டால் அது நிதானமாகக் காயும், நடுவில் மேகம் சேர்க்க நேரம் கிடைக்கும். நம் ஊரில் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் போவதற்குள் இடது பக்கம் காய்ந்து கோடு விழுந்துவிடும். தாளின் இரண்டு பக்கமும் ஈரமாக்கிவிட்டுத் தொடங்குங்கள். வேண்டிய நிறத்தை முன்கூட்டியே தாராளமாகக் கலக்கி வைத்துக்கொள்ளுங்கள், பாதி வானத்தில் நிறம் தீர்ந்துபோனால் சரிசெய்ய முடியாது. சலூனில் வைத்திருப்பது போன்ற ஒரு தண்ணீர் ஸ்பிரே பாட்டிலும் பையில் இருக்கட்டும். இன்னொன்று, வாட்டர் கலர் ஈரத்தில் தெரிவதைவிடக் காய்ந்தபின் வெளிறும். எந்த நிறத்தையும் ஓரத்தில் ஒரு துண்டுத் தாளில் தடவிக் காயவிட்டுப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

இனி நான் முக்கியமாக நினைக்கிற தவறுக்கு வருகிறேன். பாலாற்றங்கரையில் உட்கார்ந்து பழகுபவர்களில் பலர், ஆறு என்றதும் நீலத்தை எடுக்கிறார்கள். எதிரே இருப்பது மணல். வருடத்தின் பெரும்பகுதி அங்கே தண்ணீர் கிடையாது. காட்பாடி போகிற பாலத்தின் மேல் நின்று பார்த்தால் மணல், சீமைக் கருவேலம், நாணல், ஆங்காங்கே தேங்கிய குட்டை, மேயும் மாடுகள். 2021 நவம்பரில் இதே ஆற்றில் வெள்ளம் பெருக்கெடுத்து ஓடியது, அன்றைக்கும் தண்ணீர் நீலமாக இல்லை, செம்மண் கலங்கிய பழுப்பு. கண் ஒன்றைப் பார்க்கிறது, கை வேறொன்றைப் போடுகிறது. ஆறு நீலம், இலை பச்சை, பாறை கறுப்பு, வானம் எங்கும் ஒரே நீலம் என்று சின்ன வயதில் கிரேயான் பிடித்தபோது படிந்த பழக்கம் அது.

இதிலிருந்து வெளியே வருவதுதான் ஓவியம் கற்பதில் உள்ள உண்மையான சந்தோஷம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மணலைக் கூர்ந்து பாருங்கள். வெயில் படுகிற இடத்தில் யெல்லோ ஓக்கரை நிறையத் தண்ணீரில் கரைத்த நிறம், நிழலில் அதே மணல் ஊதாவுக்குப் பக்கத்தில் போகிறது, ஈரமான இடத்தில் பழுப்பு. வறண்ட ஆற்றில் இவ்வளவு நிறமா என்று ஆச்சரியப்படும் நேரத்தில், மனதில் ஓடிக்கொண்டிருந்த ஆபீஸ் கணக்கும் வீட்டுக் கவலையும் எப்போது நின்றன என்றே தெரியாது. அமைதி என்று எல்லோரும் தேடுவது எனக்கு இப்படித்தான் கிடைத்திருக்கிறது, பார்ப்பதில் முழுசாக இறங்கிய நேரங்களில்.

பச்சையிலும் இதே கதை. டியூபில் வருகிற பச்சையை அப்படியே போட்டால் எல்லா மரமும் பிளாஸ்டிக் மரமாகிவிடும். புளியமரத்தின் பச்சை மங்கலானது, பனை சாம்பல் கலந்தது, தென்னையில் மஞ்சள் கூடுதல். பங்குனியில் துளிர்க்கிற புங்கன் பளபளப்பான இளம்பச்சை, அதே நாட்களில் வேம்பின் கொழுந்தில் செம்பு நிறம் ஏறியிருக்கும். நீலத்தையும் மஞ்சளையும் நீங்களே கலந்து, அதில் கொஞ்சம் பர்ன்ட் சியன்னா சேர்த்துப் பழகினால் இவை எல்லாம் கைக்கு வரும்.

பாறைக்குக் கறுப்பு டியூபைத் திறக்காதீர்கள். நம் குன்றுகளின் கருங்கல் விடியலில் இளஞ்சிவப்பாக இருக்கும், உச்சி வெயிலில் வெளிறிய சாம்பல், மழை ஓடிய தடங்களில் மட்டும்தான் கருமை. அல்ட்ராமரைனையும் பர்ன்ட் சியன்னாவையும் கலந்தால் எத்தனையோ வகைச் சாம்பல் கிடைக்கும், நீலம் கூடினால் குளிர்ந்த சாம்பல், சியன்னா கூடினால் வெதுவெதுப்பான சாம்பல். கல்லைப் பழக ராணிப்பேட்டை மாவட்டத்து மகேந்திரவாடி அருமையான இடம். மகேந்திரவர்ம பல்லவன் தனிப் பாறை ஒன்றைக் குடைந்து செய்த குடைவரைக் கோயில் அங்கே இருக்கிறது. வெளியே உருண்டையான பாறை, முகப்பில் நேர்க்கோட்டுத் தூண்கள், உள்ளே ஆழ்ந்த நிழல்: வெளிச்சம் மூன்று படியாகப் பிரிவதைக் கற்றுக்கொள்ள இதைவிட எளிய காட்சி வேண்டாம். அந்த அரசனுக்குச் சித்திரகாரப்புலி என்றும் ஒரு பட்டம் உண்டு. வரையப் போகிறவர்களுக்கு அது ஒரு தனி உற்சாகம்.

தூரத்து மலைக்கும் பக்கத்துப் பாறைக்கும் ஒரே அழுத்தம் கொடுத்தால் மலை முன்னால் வந்து நின்றுவிடும். இடையில் இருக்கும் காற்று வெளிச்சத்தைச் சிதறடிப்பதால்தான் ஜவ்வாது மலை தூரத்திலிருந்து நீலமாகத் தெரிகிறது. தள்ளிப் போகப் போக நிறத்தை வெளிறவிடுங்கள், விவரங்களைக் குறையுங்கள். கோட்டை அகழியை வரைகிறவர்கள் மதிலின் பிம்பத்தை மதிலைப்போலவே வெளிச்சமாகப் போடுவதும் அடிக்கடி நடக்கிறது. தண்ணீரில் வெளிச்சமான பொருளின் பிம்பம் சற்று இருண்டும், இருண்ட பொருளின் பிம்பம் சற்று வெளிறியும் விழும். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

போனில் போட்டோ எடுத்துவந்து வீட்டில் வரையலாமா என்று கேட்பார்கள். நினைவுக்கு வைத்துக்கொள்ளலாம். நிழலுக்குள் இருக்கிற நிறங்களை போன் கேமரா பெரும்பாலும் விழுங்கிவிடும், வானத்தை வெள்ளையாக்கிவிடும். நேரில் பார்த்து வரைந்த சின்னக் குறிப்புப் படம் ஒன்று கையில் இருந்தால்தான் போட்டோ உதவும்.

படம் முடிவதற்குள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும் ஆசையையும் தள்ளி வையுங்கள். போட்டதும் கவனம் யார் பார்த்தார்கள் என்பதற்குப் போய்விடும், மரம் அங்கேயே நிற்கும். ஆனால் அங்கே சுற்றி நிற்கிற பிள்ளைகளைத் துரத்த வேண்டாம். "அண்ணா, அந்த மாட்டையும் போடுங்க" என்று அவர்கள் காட்டுகிற மாடு பல நேரம் படத்துக்குத் தேவையான மாடாகவே இருக்கும்.

அமிர்தி, ஜலகம்பாறை மாதிரி ஓடையோரம் வரைபவர்களிடம் ஒரு கோரிக்கை. பிரஷ் கழுவிய தண்ணீரை ஓடையில் கொட்டாதீர்கள். சில நிறங்களில் காட்மியம், கோபால்ட் போன்ற உலோகங்கள் உண்டு, அந்த ஓடையில் ஆடு மாடுகளும் காட்டு விலங்குகளும் தண்ணீர் குடிக்கின்றன. பழைய பாட்டிலில் ஊற்றி வீட்டுக்கு எடுத்துப் போங்கள். காட்டுக்குள் எதுவரை போகலாம் என்று வனத்துறையிடம் கேட்டுவிட்டுப் போவதும் அவசியம்.

பிறகு, சரியாக வராத படத்தைக் கிழிக்காதீர்கள், மேலே மேலே பூசித் திருத்தவும் வேண்டாம். நாலைந்து பூச்சுக்கு மேல் போனால் நிறம் சேறாகிவிடும். அப்படியே விட்டுவிட்டு, பின்பக்கத்தில் இடம், தேதி, மணி, வானம் எப்படி இருந்தது என்று எழுதி ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். ஆடியில் வரைந்த அதே மரத்தைத் தை மாதம் வரையும்போது பழைய தாளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கை எங்கே முன்னேறியிருக்கிறது, எங்கே இன்னும் பழைய பழக்கம் ஒட்டியிருக்கிறது என்று தாளே சொல்லிவிடும்.