தொட்டிப் பூச்செடியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நர்சரியில் மொட்டும் பூவுமாக இருந்த செம்பருத்தி, மாடிக்கு வந்த ஒரே மாதத்தில் மொட்டுகளையெல்லாம் உதிர்த்துவிட்டு நின்றால் உடனே உரம் தேடி ஓடாதீர்கள். வெயில் வேண்டும், தொட்டியில் ஓட்டை வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். செடி செத்துப்போவது பெரும்பாலும் வேறு தவறுகளால்.

களி உருண்டையோடு அப்படியே நடுவது

"தாய்மண் உடையாம வைங்க", அதாவது வேரைச் சுற்றிய மண் உருண்டை உடையக் கூடாது என்று சொல்லித்தான் விற்கிறார்கள். தரையில் நடுவதற்குச் சரி. தொட்டிக்கும் அதையே சொல்லி எத்தனை செடிகளைக் காவு கொடுப்பது!

நர்சரிப் பையில் இருப்பது, வண்டியில் உதிராமலிருக்க இறுக்கிப் பிடித்த செம்மண் களி. அதைச் சுற்றி நாம் போடுவதோ தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்த பொலபொலப்பான கலவை. ஊற்றும் தண்ணீர் அந்தக் கலவை வழியாகவே இறங்கி அடியில் வந்துவிடும். காய்ந்து இறுகிய உருண்டைக்குள் நுழையாது. மேல்மண் ஈரமாக இருக்கும், உள்ளே வேர் காய்ந்து கிடக்கும். ஐப்பசி மழையில் இதுவே தலைகீழ்: ஊறிய களி நாள்கணக்கில் காயாது, காற்றில்லாமல் வேர் அழுகும். இரண்டிலும் இலை ஒரே மாதிரிதான் வாடும். அதைப் பார்த்து இன்னும் ஒரு குவளை ஊற்றுவார்கள். தண்டிலிருந்து இரண்டு விரல் தள்ளி ஈர்க்குச்சியைச் செருகி எடுத்துப் பாருங்கள், உள்நிலவரம் தெரிந்துவிடும்.

நடும் நாள் மாலையில் உருண்டையை வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, வெளிக்களியில் மூன்றில் ஒரு பங்கை விரலால் கரைத்துவிடுங்கள். சுற்றிச் சுருண்ட வேரைப் பிரித்துவிட வேண்டும். தண்டை ஒட்டிய பகுதியில் கை வைக்கக் கூடாது. கலவையிலும் செம்மண் இருக்கட்டும்: செம்மண் 2 பங்கு, மட்கிய தொழுவுரம் 1, உப்புப் போகக் கழுவிய நார்க்கழிவு 1, ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. நட்டபின் ஒரு வாரம் நிழல். காகிதப்பூவுக்கு மட்டும் இந்த வேலை வேண்டாம், அதன் வேர் சீண்டலைத் தாங்காது.

சின்னச் செடிக்குப் பெரிய தொட்டி

6 அங்குலப் பைச் செடிக்கு 8 அல்லது 10 அங்குலத் தொட்டி போதும். வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கிப் புளிக்கும்.

அடியில் ஜல்லி

வேண்டாம். தண்ணீர் ஜல்லிக்கு மேலுள்ள மண்ணில்தான் தேங்கும். ஓட்டையை மறைக்க ஓட்டுச்சில்லு ஒன்று போதும்.

குண்டுமல்லியை வெட்டத் தயங்குவது

புதுத்தளிர் நுனியில்தான் மொட்டு வரும். நவம்பர் கடைசியில், தொட்டி மண்ணிலிருந்து ஓரடி விட்டு மேலே உள்ளதை வெட்டுங்கள். மனம் வராதுதான், வெட்டாத செடியில் கொடி நீளும், பூ குறையும்.

இட்லிப்பூவுக்கு போர் தண்ணீர்

இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருந்தாலும் காரத்தன்மையுள்ள போர் தண்ணீர் அதை வேருக்குக் கிடைக்காமல் செய்துவிடும். முடிந்தவரை மழைநீர் ஊற்றுங்கள். அன்னபேதி (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 2 கிராம் கரைத்து மாலையில் இலையில் தெளிக்கலாம்.

அடீனியம் (பாலைவன ரோஜா)

மழையில் விடாதீர்கள்.

உச்சிவெயிலில் வேப்பெண்ணெய்

மாவுப்பூச்சிக்கு லிட்டருக்கு 5 மில்லி, கரைய ஒரு மில்லி சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள், இல்லையென்றால் இலை கருகும்.