கேபிள் ரிமோட்டிலேயே டிவியையும் இயக்கலாம்: லேர்னிங் பட்டன்களை செட் பண்ணும் முறை

கேபிள் செட்டாப் பாக்ஸோடு வரும் ரிமோட்டை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். ஒரு ஓரத்தில் கோடு போட்டுப் பிரித்து, 'டிவி' என்று எழுதி, நாலைந்து பட்டன்கள் தனியாக இருக்கும். டிவி பவர், ஏவி அல்லது சோர்ஸ், சத்தம் கூட்ட, குறைக்க. சில மாடல்களில் கூடவே 'செட்' என்று ஒரு பட்டனும் உண்டு. முக்கால்வாசி வீடுகளில் இவை அமுக்கப்படாமலே கிடக்கின்றன, ஏனென்றால் அமுக்கினால் ஒன்றும் நடப்பதில்லை. உங்கள் டிவியின் சிக்னல் என்னவென்று அந்தப் பட்டன்களுக்கு இன்னும் தெரியாது. நாம்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். பத்து நிமிட வேலை. கேபிள்காரரைக் கூப்பிட வேண்டியதில்லை.

இதை டிவியின் ஒரிஜினல் ரிமோட் உயிரோடு இருக்கும்போதே செய்துவிடுவது நல்லது. லேர்னிங் ரிமோட் தானாக எதையும் கண்டுபிடிக்காது, ஒரிஜினல் அனுப்புவதைக் காப்பி அடிப்பது மட்டும்தான் அதன் வேலை. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த டிவிகள் நிறைய. அந்த ரிமோட் தொலைந்தால் நாகர்கோவில், மார்த்தாண்டம் கடைகளில் அதே மாடல் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

முதலில் ஒரு சோதனை. செல்போனின் முன்பக்கக் கேமராவைத் திறந்து, டிவி ரிமோட்டின் மூக்கை அதற்கு நேராகக் காட்டி ஒரு பட்டனை அமுக்கிப் பிடியுங்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி, கேமராவில் வெளிர் ஊதாவாக மினுக்கும். பின்பக்கக் கேமராவில் பெரும்பாலும் இது தெரியாது, அங்கே அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி இருக்கும். ஒளி தெரிந்தால் வேலை நடக்கும். புது பேட்டரி போட்டும் தெரியவில்லை என்றால் ரிமோட் கெட்டிருக்கலாம், அல்லது அது ப்ளூடூத் ரிமோட்டாக இருக்கலாம். மைக் வைத்த ஸ்மார்ட் டிவி ரிமோட்டுகளில் பல இப்படித்தான். சிலவற்றில் பவர் பட்டன் மட்டும் அகச்சிவப்பில் போகும், மற்றவை ப்ளூடூத்தில் போகும். அதனால் ஒவ்வொரு பட்டனையும் தனித்தனியாகக் கேமராவில் பாருங்கள்.

அடுத்தது பேட்டரி. இரண்டு ரிமோட்டிலும் புதிது போடுங்கள். பழைய பேட்டரியில் டிவி இயங்குகிறதே என்று விடாதீர்கள். சக்தி குறைந்தால் ஒளி மங்கும், கற்கும் ரிமோட் பாதி சிக்னலைத்தான் பிடிக்கும். குளச்சல், முட்டம், சின்னமுட்டம் போன்ற கடலோர ஊர்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உப்புக்காற்றில் பேட்டரி ஸ்பிரிங் சீக்கிரம் துரு ஏறும். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் பழைய பல் துலக்கும் பிரஷால் காய்ந்தபடியே தேய்த்து உதிர்த்துவிட்டு, பென்சில் அழிக்கும் ரப்பரால் பளிச்சென்று ஆகும்வரை தேயுங்கள். தண்ணீர் வேண்டாம்.

வேலை செய்யும் இடம் ஜன்னல் ஓரமோ திண்ணையோ வேண்டாம். வெயிலில் அகச்சிவப்பு ஏராளம், சிஎஃப்எல் பல்பும் தொந்தரவு செய்யும். உள்ளறை மேசைதான் சரி.

இனி செய்முறை:

1. இரண்டு ரிமோட்டையும் மேசையில் மூக்கோடு மூக்கு பார்க்கிற மாதிரி வையுங்கள். இடைவெளி 2 முதல் 5 சென்டிமீட்டர். ஒட்டி வைத்தால் ஒளி அளவுக்கு மீறி அடித்து சிக்னல் குழம்பும், தள்ளி வைத்தால் போய்ச் சேராது. டிவி ரிமோட் தடிமனாக இருந்தால் மற்றதற்கு அடியில் மடித்த பேப்பர் கொடுத்து உயரத்தைச் சமமாக்குங்கள்.

2. கேபிள் ரிமோட்டில் 'செட்' பட்டனை 3 முதல் 5 நொடி அமுக்கிப் பிடியுங்கள். சிவப்பு விளக்கு அணையாமல் நின்று எரியும். 'செட்' இல்லாத மாடலில் டிவி பவர் பட்டனையே இப்படிப் பிடிக்க வேண்டியிருக்கும். சிலவற்றில் டிவி பவரையும் ஏவியையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். ரிமோட்டின் முதுகிலோ பாக்ஸோடு வந்த தாளிலோ அச்சடித்திருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

3. கேபிள் ரிமோட்டின் டிவி பவரை ஒருமுறை தட்டி விடுங்கள். விளக்கு மினுக்கத் தொடங்கும் அல்லது ஒருமுறை அணைந்து எரியும். கற்கத் தயார் என்று அர்த்தம்.

4. இப்போது டிவி ரிமோட்டின் பவரை அமுக்குங்கள். முதலில் ஒரு தட்டு. பிடிக்கவில்லை என்றால் ஒரு நொடி அழுத்திப் பாருங்கள். விளக்கு இரண்டு மூன்று முறை வேகமாக மினுக்கி மறுபடி நின்று எரிந்தால் பதிந்துவிட்டது.

5. இதேபோல் சோர்ஸ், சத்தம் கூட்ட, சத்தம் குறைக்க. நடுவில் யோசித்துக்கொண்டு நின்றால் விளக்கு அணைந்து பழைய நிலைக்குப் போய்விடும். போகட்டும், பதிந்தவை அழியாது. இரண்டாம் படியிலிருந்து விட்ட பட்டனுக்குத் தொடருங்கள்.

6. முடிந்ததும் 'செட்' பட்டனை ஒருமுறை தட்டுங்கள், விளக்கு அணையும். டிவி முன் போய் ஒவ்வொன்றையும் சோதியுங்கள்.

தப்பான பட்டன் பதிந்தால் பதற வேண்டாம். அந்தப் பட்டனை மட்டும் மறுபடி கற்றுக்கொடுத்தால் புதியது பழையதன் மேல் ஏறிவிடும்.

விளக்கு 'பதிந்தது' என்று சொல்லியும் டிவி அசையவில்லையா? பெரும்பாலும் இடைவெளிதான் காரணம். ஒரு சென்டிமீட்டர் கூட்டியோ குறைத்தோ மறுபடி செய்யுங்கள். ரிமோட் ஒளி ஒரே சீராக எரிவதில்லை, நொடிக்கு 38,000 முறை அளவில் துடிக்கிறது. அந்தத் துடிப்பை விட்டு விட்டு அனுப்புவதில்தான் கட்டளை இருக்கிறது. சோனியில் இது 40,000 முறை, பிலிப்ஸின் பழைய முறையில் 36,000 முறை. ஓரம் கொஞ்சம் சிதைந்து பதிந்தாலும் டிவி அதைத் தன் கட்டளையாக ஏற்காது.

விசித்திரமான ஒரு கோளாறும் உண்டு. பவர் ஒருமுறை வேலை செய்யும், உடனே மறுபடி அமுக்கினால் செய்யாது, நடுவில் சத்தத்தைத் தொட்டால் செய்யும். பிலிப்ஸின் ஆர்சி-5 முறையில் ஒவ்வொரு புது அமுக்கலுக்கும் ஒரு குறி மாற வேண்டும். காப்பி அடித்த ரிமோட் எப்போதும் ஒரே குறியையே அனுப்புவதால், நீங்கள் இன்னும் விரலை எடுக்கவில்லை என்று டிவி நினைத்துக்கொள்கிறது. மறுபடி கற்றுக்கொடுத்தாலும் இது தீராது. நடுவில் வேறொரு பட்டனைத் தொடுவதுதான் வழி.

ஒரிஜினல் ஏற்கெனவே தொலைந்துவிட்டதென்றால், அதே மாடல் டிவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் ரிமோட்டைப் பத்து நிமிடம் இரவல் வாங்குங்கள். அதுவும் இல்லையென்றால் அகச்சிவப்பு வசதி உள்ள போன் யாரிடமாவது இருக்கும். ஷாவ்மி, ரெட்மி போன்களில் பலவற்றின் மேல் விளிம்பில் சிறு கறுப்புப் புள்ளியாக இருக்கும். ரிமோட் ஆப்பில் டிவி பிராண்டைத் தேர்ந்து, போனால் டிவி இயங்குகிறதா என்று பார்த்துவிட்டு, அந்தப் போனையே ஒரிஜினலாக வைத்துக் கற்றுக்கொடுக்கலாம்.

சோர்ஸ் பட்டன் புது டிவிகளில் கொஞ்சம் படுத்தும். அமுக்கினால் பட்டியல் வரும், ஆனால் தேர்ந்தெடுக்க அம்புக்குறியும் ஓகேயும் வேண்டும். அவை கேபிள் ரிமோட்டின் டிவி கட்டத்தில் இருப்பது அபூர்வம். பல ஸ்மார்ட் டிவிகளின் செட்டிங்ஸில், ஆன் செய்ததும் கடைசியாகப் பார்த்த இணைப்புக்கே போகும்படி வைக்க வழி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் சோர்ஸைத் தொடும் தேவையே வராது.

சத்தத்துக்கு இனி இரண்டு ஜோடி பட்டன் ஆகிவிடும். பாக்ஸின் சத்தத்தை முக்கால் அளவில் நிறுத்திவிட்டு, கூட்டிக் குறைப்பதை டிவி பட்டனில் மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வீட்டில் பாட்டி தாத்தா இருந்தால் டிவி பவரின் மேல் நகப்பாலிஷ் ஒரு சொட்டு வைத்துவிடுங்கள், தடவியே கண்டுபிடிப்பார்கள். அணைக்கும்போது டிவி, பாக்ஸ் இரண்டின் பவரையும் அமுக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

ஒரிஜினல் ரிமோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். பேட்டரியைக் கழற்றி எடுத்துவிட்டு, மூடியுள்ள டப்பாவில் போட்டு வையுங்கள். பேட்டரியோடு கிடந்தால் ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் கசிந்துவிடக்கூடும்.