கும்மியைக் கொழும்பில் காப்பாற்ற ஒரு பெண்கள் குழு தொடங்குவது எப்படி

வெள்ளவத்தையில் நாலு பெண்கள் சேர்ந்து "நாங்களும் ஒரு கும்மிக் குழு தொடங்குவோமா" என்று கேட்டால் அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: என்ன நிறத்தில் சாரி கட்டுவது. நாங்களும் அங்கேதான் தொடங்கினோம். சாரி வாங்கியாயிற்று, மேடையும் ஏறியாயிற்று, ஆனால் ஆடிய பாட்டு எந்த ஊர்ப் பாட்டு என்று ஒரு பிள்ளை கேட்டபோது எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. ஆகவே நீங்கள் தலைகீழாகத் தொடங்குங்கள். முதலில் சேகரியுங்கள், ஆட்டம் பிறகு.

இந்தப் புத்தி எனக்கு வந்தது ஏதென்ஸ் பெண்களைப் பற்றி வாசித்த பிறகுதான். அங்கே 1911 இல் கலிரோய் பாரென் என்ற பெண்மணி கிரேக்கப் பெண்களின் லைசியம் என்றொரு சங்கம் தொடங்கினார். (லைசியம் என்றால் கொழும்பில் எல்லாருக்கும் பிள்ளைகளின் ஸ்கூல்தான் ஞாபகம் வரும், இது வேறு.) 1887 இலேயே பெண்கள் மட்டும் எழுதும் பத்திரிகை நடத்திய ஆள் அவர். அவருடைய சங்கம் ஊர் ஆட்டங்கள், பாட்டுகள், உடைகள் எல்லாவற்றையும் தேடிச் சேர்த்தது, இன்று கிரேக்கத்திலும் வெளியிலும் அதற்குக் கிளைகள் இருக்கின்றன. சேர்த்த உடைகளை வைத்து 1988 இல் ஏதென்ஸில் ஒரு உடை அருங்காட்சியகமும் திறந்தார்கள்.

சரி, சேகரிப்பது எப்படி? குழுவில் ஒவ்வொருவரும் தன் வீட்டு அம்மம்மாவையோ அப்பாச்சியையோ, அவர்கள் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுப் பாட்டியையோ பிடிக்க வேண்டும். போனில் பதிவு செய்யலாமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஆனால் "ஒரு கும்மிப் பாட்டுப் பாடுங்கோ" என்று கதிரையில் இருத்திவைத்துக் கேட்டால் இரண்டு வரிக்கு மேல் வராது, வெட்கப்பட்டு "எல்லாம் மறந்துபோச்சு பிள்ளை" என்பார்கள். எழும்பி நின்று கை தட்டச் சொல்லுங்கள், நீங்களும் கூடத் தட்டுங்கள், தட்டத் தொடங்கியதும் சொல் தானாக வரும், கைக்கு இருக்கிற ஞாபகம் வாய்க்கு இல்லை. ஒரு தடவை பாட்டோடு முழு உருவத்தையும், இன்னொரு தடவை கால் அடிகளை மட்டும் படம் எடுங்கள், கால் அடிகளை எடுக்காமல் விட்டுவிட்டு நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. பாட்டில் சொல் பிழை என்று தோன்றினாலும் திருத்தாதீர்கள். பிறகு ஒரு கொப்பியில் பாடியவர் யார், எந்த ஊர், யாரிடம் பழகினார், எந்தத் திருவிழாவில் அல்லது எந்த வேலையின்போது ஆடினார்கள், என்ன திகதியில் பதிந்தீர்கள் என்று எழுதுங்கள். ஊர் பெயர் இல்லாத பதிவு பாதி வீண்.

ஊர் பெயரில் நான் இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம் கொழும்புதான். இங்கே ஒரே மாடிக் கட்டடத்தில் யாழ்ப்பாணத்து ஆட்கள், மட்டக்களப்பு ஆட்கள், மலையகத்து ஆட்கள் எல்லாரும் இருக்கிறோம். மூன்று பேர் வீட்டிலும் கும்மி என்ற பெயர் இருக்கும், தட்டு ஒன்றாக இருக்காது. பழகும்போது சுலபம் என்று மூன்றையும் கலந்து ஒரு "கொழும்புக் கும்மி" செய்துவிடாதீர்கள், அப்படிச் செய்தால் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேருவது அது ஒன்றுதான். ஏதென்ஸிலும் நகரத்துப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்போய் ஊர் ஆட்டங்கள் ஒரே அச்சில் வார்க்கப்பட்டுவிட்டன என்ற குறை உண்டு. கிரீட் தீவின் பென்டோசாலி என்ற துள்ளல் ஆட்டம் வேறு, எபிரஸ் பக்கத்து மெதுவான ஆட்டம் வேறு. எங்களுக்கும் அதே எச்சரிக்கைதான்.

உடை விஷயத்திலும் கவனம். கிரேக்கத்தின் தேசிய உடை என்று படங்களில் வருகிற அமாலியா உடை உண்மையில் 19 ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்து வந்த அமாலியா ராணி தன் அரண்மனையில் உண்டாக்கியது. எங்கள் மேடைக் கும்மியின் ஜரிகைச் சாரியும் செட்டியார் தெரு நகையும் எனக்கு அதைத்தான் ஞாபகப்படுத்துகின்றன. பழைய படம் ஏதாவது வீட்டு அல்பத்தில் இருந்தால் அதைப் பார்த்துப் புறக்கோட்டையில் சாதாரணப் பருத்திச் சீலை வாங்குங்கள், செலவும் குறையும். அம்மம்மாவின் பழைய சேலை கிடைத்தால் அதை உடுத்திக்கொண்டு ஆட வேண்டாம், வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்து வையுங்கள்.

பழகும் இடம் கிடைப்பதுதான் பெரிய தலையிடி. ஃப்ளாட்டில் இருபது கால் ஒன்றாக விழுந்தால் கீழ்வீட்டுக்காரர் மேலே வருவார், எங்களிடம் மூன்றாம் நாளே வந்தார். கோயில் மண்டபத்தைத் திருவிழா இல்லாத காலத்தில் கேட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் ஏதாவது பள்ளிக்கூட மண்டபம். அதுவரை வீட்டில் இருந்தபடியே சொல்லையும் தட்டையும் பழகலாம். பழைய பாட்டுத் தொகுப்புகளுக்குக் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள்.

ஒரு நாள் சும்மா கிரேக்கரின் கலமாத்தியானோவையும் ஆடிப் பாருங்களேன். வட்டமாகக் கை கோத்து நிற்க வேண்டும், ஏழு எண்ணிக்கைத் தாளம், மூன்று இரண்டு இரண்டாகப் பிரியும். மிருதங்கம் படித்த பிள்ளையிடம் சொன்னால் "மிஸ்ர சாப்பு" என்று சிரிக்கும். "தகிட தக திமி" என்று சொல்லிக்கொண்டு ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு அடி வைத்தால் நாலு தடவை சொல்லி முடிக்கும்போது பன்னிரண்டு அடியும் முடிந்துவிடும். எங்கள் குழுவில் கூச்சப்பட்டு மூலையில் நின்ற பெண்கள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

காசு, கணக்கு, தலைவி யார் என்ற சண்டை எல்லாம் வரும், ஒரு கொப்பியில் வரவு செலவு எழுதி இரண்டு பேர் கையெழுத்து வைத்தால் பாதிச் சண்டை குறையும்.

கடைசியாக, எடுத்த பதிவை ஒரு போனில் மட்டும் வைத்திருக்காதீர்கள். ஒரு பிரதியைப் பாடியவர் வீட்டுக்கே கொடுங்கள். கனடாவில் இருக்கிற மகளுக்கு வாட்ஸ்அப்பில் போகும், அவர் கேட்டுவிட்டு "அம்மா இந்த வரியை வேறு மாதிரியல்லவா பாடுவார்" என்று குரல் பதிவு அனுப்புவார். அதையும் ஊர் பெயர், திகதி போட்டுத் தனியாக எழுதி வையுங்கள்.