பொலோனியாவுல ஃபுட் டூர் போறீங்களா, கிளம்புறதுக்கு முன்னாடி இத படிச்சிடுங்க

இத்தாலி போறவங்க இப்ப நிறைய பேர் ஃபுட் டூர் ஒண்ணயும் பிளான்ல சேர்த்துக்குறாங்க, அதாவது ஒரு கைடு கூட மூணு நாலு மணி நேரம் நடந்து ஆறேழு கடைல கொஞ்சம் கொஞ்சமா ருசி பாத்துக்கிட்டே ஊர சுத்துறது. நான் பொலோனியாவுல ரெண்டு தடவ போயிருக்கேன், ஒரு தடவ மனசு கஷ்டப்பட்டு திரும்பி வந்தோம், இன்னொரு தடவ அம்மா இன்னைக்கு வரைக்கும் அத பத்தி பேசுறாங்க. ரெண்டுக்கும் நடுவுல என்ன வித்தியாசம்னு யோசிச்சா கைடோ கடையோ காரணம் இல்ல, நடக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நாங்க பண்ணின, பண்ணாம விட்ட விஷயங்கள் தான்.

முதல்ல என்ன டூர்னு சரியா பாத்து புக் பண்ணுங்க. பொலோனியால ஃபுட் டூர்னு தேடினா ரெண்டு வகை வரும். ஒண்ணு ஊருக்குள்ள நடக்கிறது, ஊர் நடுவுல இருக்குற பெரிய சதுக்கம் பியாஸ்ஸா மஜ்ஜோரே, அது பக்கத்துல குவாட்ரிலாதேரோனு பழைய சந்தை தெருக்கள் இருக்கு, அங்க தான் முக்கால்வாசி நேரம் போகும். இன்னொண்ணு வேன்ல ஊருக்கு வெளிய கூட்டிட்டு போயி பார்மிஜானோ சீஸ் பண்ற இடம், பக்கத்து ஊரான மோதெனா பக்கம் பால்சமிக் வினிகர் ஊற வைக்கிற வீடு எல்லாம் காட்டுறது. சீஸ் காய்ச்சுறது காலைல தாங்கிறதால இந்த வேன் டூர் ரொம்ப சீக்கிரம் கிளம்பிடும். 40 கிலோ சீஸ் வட்டை அடுக்கடுக்கா நிக்கிறத பாக்கணும்னு ஆசைப்பட்டு நடக்குற டூர புக் பண்ணிட்டு, எங்க சீஸ் ஃபேக்டரினு கைடு கிட்ட கேட்ட ஒருத்தர எங்க குரூப்லயே பாத்தேன், பாவம், மூஞ்சி வாடிப்போச்சு.

விலைய மட்டும் பாத்து முடிவு பண்றது அடுத்த தப்பு. சாப்பாடு முழுசா சேர்ந்த டூர்னா ஆளுக்கு 70, 80 யூரோவுக்கு மேல தான் பெரும்பாலும் இருக்கும். ரொம்ப கம்மியா இருந்தா என்ன சேர்ந்திருக்குனு படிங்க, சிலதுல கைடோட பேச்சுக்கு மட்டும் தான் அந்த காசு, சாப்பிடறதுக்கு கடைல தனியா கட்டணும். குரூப்ல எத்தன பேருங்கிறதும் முக்கியம், அங்க இருக்குற கடைங்க நாலு பேர் நின்னா நிறைஞ்சிடுற சைஸ், 20 பேர் போனா பாதி பேர் தெருவுல நின்னு கைடு குரல் கேக்காம தட்டு மட்டும் வாங்கி சாப்பிடணும். 10, 12 பேருக்குள்ள இருக்குற டூரா பாருங்க. உக்காந்து சாப்பிடற இடம் ஒண்ணாவது இருக்கானும் பாருங்க, பெரியவங்கள கூட்டிட்டு போறவங்க இத கண்டிப்பா கேக்கணும்.

இப்ப நான் ரொம்ப சொல்ல நினைக்கிற விஷயத்துக்கு வரேன், சாப்பாட்டு கட்டுப்பாடு. எங்க அம்மா கோழி, மீன், முட்ட சாப்பிடுவாங்க, மாட்டுக்கறியும் பன்றிக்கறியும் தொட மாட்டாங்க. முதல் தடவ புக் பண்ணும்போது ஃபார்ம்ல அத கேக்குற கட்டத்த காலியா விட்டுட்டேன், போய் பாத்துக்கலாம், இத்தாலில சீஸும் பாஸ்தாவும் இல்லாமயா போயிடும்னு நினைச்சேன். பொலோனியாவுக்கு இத்தாலிக்காரங்க வச்ச பேரே லா க்ராஸ்ஸா, கொழுத்த ஊருனு அர்த்தம், அந்த கொழுப்பு பன்றியோடது. முதல் கடைல மோர்ட்டடெல்லா, அது முழுக்க பன்றிக்கறி. ரெண்டாவது இடத்துல தோர்த்தெல்லினினு பூரணம் வச்சு மடிச்ச குட்டி பாஸ்தா, அந்த பூரணத்துல பன்றி இடுப்புக்கறி, ப்ரஷூட்டோங்கிற பன்றி ஹேம், மோர்ட்டடெல்லா மூணும் இருக்கு, மிதக்குற சூப்பு கோழிலயும் மாட்டுக்கறிலயும் காய்ச்சினது. மூணாவது இடத்துல டாலியாடெல்லேனு ரிப்பன் மாதிரி பாஸ்தா, மேல ரகூனு கறி சாஸ், அது மாட்டுக்கறியும் பன்றி கொழுப்பும் சேர்த்து மணிக்கணக்கா வேக வைக்கிறது. அம்மா மூணு இடத்துலயும் ரொட்டித்துண்ட கைல வச்சுக்கிட்டு “நீ சாப்புடு கண்ணு, எனக்கு பசிக்கல”ன்னாங்க. கைடு பொண்ணு ஓடி ஓடி ஏதாவது கிடைக்குமானு கேட்டுச்சு, ஆனா அந்த கடைங்கள்ல தட்டு எல்லாம் முன்னாடியே சொல்லி ரெடி பண்ணி வச்சிருக்கிறது, அந்த நிமிஷத்துல மாத்த முடியாது. காசு போனது பெரிசா தெரியல, அம்மா அந்த ரொட்டியோட நின்னது தான் இன்னும் கண்ணுல இருக்கு.

அதனால புக் பண்ணும்போதே எழுதுங்க, அதுவும் விவரமா எழுதுங்க. ‘வெஜிடேரியன்’னு ஒரு வார்த்தைய மட்டும் போட்டா பத்தாது. நம்ம ஊர்ல சைவம்னா முட்டையும் கிடையாது, இத்தாலில வெஜிடேரியன்னா முட்ட தாராளமா உண்டு, பொலோனியாவோட புது பாஸ்தா எல்லாமே முட்டைல தான் பிசையுறாங்க, 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டைங்கிறது அங்க வீட்டுக்கு வீடு தெரிஞ்ச கணக்கு. முட்ட சாப்பிடாதவங்க டாலியாடெல்லேவும் சாப்பிட முடியாது, தோர்த்தெல்லினி மாதிரியே ஆனா பெரிசா, பாலாடைக்கட்டி வச்சு மடிச்ச தோர்த்தெல்லோனியும் சாப்பிட முடியாது. பார்மிஜானோ சீஸ்ல பால திரைய வைக்க கன்னுக்குட்டி இரைப்பைலருந்து எடுத்த ரென்னட் தான் போடுறாங்க, அதுக்கு வேற வழி அந்த சீஸோட சட்டத்துலயே இல்ல. இத அங்க இருக்குற வெஜிடேரியன்கள்லயே பல பேர் கண்டுக்க மாட்டாங்க, ஆனா உங்களுக்கு அது முக்கியம்னா நீங்க தான் சொல்லணும்.

வெளிய தெரியாம ஒளிஞ்சிருக்குறது தான் இன்னும் மோசம். தீஜெல்லேனு சின்ன வட்ட ரொட்டி சூடா தருவாங்க, கூட வெள்ளையா வெண்ண மாதிரி ஒண்ணு வரும், அதுக்கு பேர் பெஸ்தோ. பெஸ்தோன்னா துளசி மாதிரி பச்சையா இருக்குமேனு நாம நினைப்போம், அது ஜெனோவா ஊரோட பெஸ்தோ. மோதெனா பக்கத்து பெஸ்தோ பன்றி கொழுப்ப பூண்டும் ரோஸ்மேரியும் போட்டு அரைச்சது. க்ரெஷென்தீனேனு பூரி மாதிரி உப்பி வர்றது இருக்கு, பாத்தா நம்ம பூரியேதான், ஆனா பழைய முறைப்படி பொரிக்கிறது பன்றி கொழுப்புல. வெங்காயமும் தக்காளியும் மெதுவா வதக்கின ஃப்ரிஜ்ஜோனே, அதுலயும் பாரம்பரியமா அதே கொழுப்பு ஒரு கரண்டி. ஹலால் பாக்குறவங்களுக்கு இது எல்லாத்தோட ஒயினும் சேர்ந்துக்கும், ரகூலயே ஒயின் ஊத்துவாங்க. சீஸும் ஹேமும் ஒரே கத்தி, ஒரே பலகைல வெட்டுற கடைங்களும் உண்டு. அதனால மெயில்ல இப்படி எழுதுங்க: மாட்டுக்கறி வேண்டாம், பன்றிக்கறி வேண்டாம், பன்றி கொழுப்பும் வேண்டாம், கறி சூப்பு வேண்டாம், முட்ட ஓகேவா இல்லையா, ஒயின் ஓகேவா இல்லையா. ஒண்ணு ஒண்ணா. நட்ஸ் அலர்ஜி இருந்தா அதையும் சேருங்க, மோர்ட்டடெல்லாவுலயே பிஸ்தா போடுற வகை இருக்கு. கோதுமை ஒத்துக்காதவங்களுக்கு இத்தாலி பொதுவா நல்ல நாடு, ‘சென்ஸா க்ளூடினே’ன்னா எல்லாருக்கும் புரியும், ஆனா கையால பாஸ்தா போடுற கடைக்குள்ள மாவு காத்துலயே பறக்கும், உள்ள போகலாமானு முன்னாடியே கேட்டுக்கங்க.

ரெண்டாவது தடவ போனப்ப ஒரு வாரத்துக்கு முன்னாடி இதெல்லாம் எழுதி அனுப்பினேன். கைடு பதில் போட்டு நாலு கேள்வி கேட்டாரு, அப்பவே நம்பிக்க வந்துடுச்சு. அம்மாவுக்குனு தனியா ரிக்கோட்டாங்கிற பாலாடைக்கட்டி வச்ச தோர்த்தெல்லோனி, வெண்ணைலயும் சேஜ் இலைலயும் பிரட்டி வச்சிருந்தாங்க, கடைசில அரிசியும் பாலும் பாதாமும் போட்டு சுட்ட தோர்த்தா தி ரீஸோ, அத சாப்பிட்டுட்டு அம்மா “இது நம்ம பால் பொங்கல வெட்டி வச்ச மாதிரி இருக்கு”ன்னாங்க, அந்த மாதிரி ஒரு சந்தோஷம் அந்த மூஞ்சில.

முட்டையும் தொடாத முழு சைவம்னா ஒரு விஷயம் நேராவே சொல்லிடறேன், ஃபுட் டூருக்கு பொலோனியா உங்க ஊர் இல்ல, காச அங்க போடாதீங்க. சிசிலில பலெர்மோ போங்க. அங்க பனெல்லேனு கடலமாவ காய்ச்சி ஆற வச்சு மெல்லிசா வெட்டி எண்ணெல பொரிச்சு ரொட்டிக்குள்ள வச்சு தெருவுலயே குடுக்குறாங்க, நமக்கு சொல்லியே தர வேண்டாத ருசி. என்ன எண்ணெய், எந்த ரொட்டினு மட்டும் கேட்டுக்கங்க, அங்கயும் எள்ளு தூவின ரொட்டி சில கடைல கொழுப்பு சேர்த்து பண்றாங்க. பல்லாரோ சந்தையும் அத சுத்தின தெருக்களும் இலங்கைத் தமிழ் குடும்பங்கள் வருஷக்கணக்கா இருக்குற பகுதி, தமிழ் காதுல விழுந்தா ஆச்சரியப்படாதீங்க.

காலைல ஹோட்டல் பஃபேல ஒரு கட்டு கட்டிட்டு போறது இன்னொரு பெரிய தப்பு. டூர் பெரும்பாலும் 10, 10:30க்கு ஆரம்பிக்கும், மூணாவது கடையிலயே வயிறு நிறைஞ்சிடும், ஆனா பல டூர்ல பாஸ்தா கடைசிக்கு பக்கத்துல தான் வரும். காலைல ஒரு காபியும் ஒரு சின்ன ரொட்டியும் போதும். அதே மாதிரி முதல் கடைல தட்டுல இருக்குறது எல்லாத்தையும் காலி பண்ணணும்னு அவசியம் இல்ல. மிச்சம் வைக்கிறது மரியாத இல்லனு நமக்கு பழக்கம், புரியுது, ஆனா ருசி பாக்குறதுக்கு தான் குடுக்குறாங்க, பாதி சாப்பிட்டு நல்லா இருந்துச்சுனு சொன்னா யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு எங்கயும் டேபிள் புக் பண்ணாதீங்க.

நாள் பாத்து போகணும். ஞாயித்துக்கிழமை நல்ல பழைய கடைங்கள்ல பாதி மூடியிருக்கும். வியாழக்கிழமை மதியத்துக்கு மேல கடைய சாத்துற வழக்கமும் அந்த ஊர்ல சில கடைகளுக்கு இருக்கு. ஆகஸ்ட் 15 ஃபெர்ரகோஸ்டோ லீவு, அத ஒட்டி ரெண்டு வாரம் ஊரே கடலுக்கு போயிடும், அப்ப நடக்குற டூர்ல டூரிஸ்டுக்காகவே தொறந்து வச்ச கடைங்க தான் மிஞ்சும். ட்ரிப்போட கடைசி நாள்ல வைக்காதீங்க, முதல் நாளோ ரெண்டாவது நாளோ வைங்க, ஏன்னா எந்த கடைல சீஸ் நல்லா இருக்கும், எந்த பார்ல நின்னுக்கிட்டே காபி குடிக்கலாம்னு கைடு சொல்றதெல்லாம் மிச்ச நாளுக்கு உதவும், கிளம்புற அன்னைக்கு தெரிஞ்சு என்ன பண்றது.

லேட்டா போகாதீங்க. கடைக்காரங்க நேரம் குறிச்சு காத்திருக்காங்க, 10 நிமிஷம் பாத்துட்டு குரூப் நகர்ந்துடும். சனி ஞாயிறுல ஊர் நடுவுல இருக்குற பெரிய ரோடுகள்ல பஸ், கார் எதுவும் விடமாட்டாங்க, டாக்ஸில வந்து இறங்கிக்கலாம்னு நம்பாதீங்க, ஸ்டேஷன்லருந்து வீயா தெல் இண்டிபெண்டென்ஸா வழியா நேரா நடந்தா 20 நிமிஷத்துல சதுக்கத்துக்கு வந்துடலாம். மழைக்கு பயப்பட வேண்டாம், பொலோனியால நடைபாதைக்கு மேலயே கூர போட்ட மாதிரி வளைவு வளைவா போர்ட்டிக்கோ இருக்கு, மொத்தம் 62 கிலோமீட்டர், அதுல சில பகுதிகள 2021ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்தாங்க. ஆனா அதுக்கு கீழ தரை வழவழனு இருக்கும், ஈர செருப்போட வந்தா வழுக்கும், பிடிமானம் உள்ள ஷூ போடுங்க.

கைடு கிட்ட ‘ஸ்பகெட்டி பொலோனேஸ் எங்க கிடைக்கும்’னு கேக்காதீங்க. திட்ட மாட்டாங்க, ஆனா அந்த பேர்ல ஒண்ணு அந்த ஊர் சமையல்லயே கிடையாது, ரகூவ அகலமான டாலியாடெல்லேல தான் போடுவாங்க, சாஸ் ஒட்டிக்க அந்த அகலம் வேணும். அந்த அகலத்த எவ்வளவு மதிக்கிறாங்கன்னா வெந்த டாலியாடெல்லே 8 மில்லிமீட்டர் இருக்கணும்னு 1972ல தங்கத்துலயே ஒரு இழை செஞ்சு வர்த்தக சபைல வச்சிருக்காங்க. 1982ல ரகூ செய்முறையையும் அதே மாதிரி எழுதி பதிவு பண்ணினாங்க. இத கைடு கிட்ட பேச்சு குடுத்து பாருங்க, அவங்க பாட்டி ரகூல பால் ஊத்துவாங்களா மாட்டாங்களானு அர மணி நேரம் பேசுவாங்க, எனக்கு அந்த டூர்லயே பிடிச்ச நேரம் அது தான்.

குவாட்ரிலாதேரோல பழம், காய் அடுக்கியிருக்குறத கையால தொட்டு பாக்காதீங்க, நம்ம சந்தைல அமுக்கி பாத்து எடுக்குறது வழக்கம், அங்க கடைக்காரர் தான் எடுத்து தரணும். போட்டோ எடுக்கணும்னா கேட்டுட்டு எடுங்க, வீடியோ எடுக்குறேன்னு வாசல மறிச்சு நிக்காதீங்க, அந்த ஊர் பாட்டிமாருக்கு அது தினமும் சாமான் வாங்குற கடை.

ஒயின் விஷயம் சுருக்கமா. லம்ப்ருஸ்கோ, பிஞோலெட்டோ ரெண்டும் நொர வர்ற ஒயின், லேசா தான் தெரியும், வெயில்ல நடந்துக்கிட்டே மூணு கிளாஸ் போனா தல சுத்தும். வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க, ஜூஸோ தண்ணியோ குடுப்பாங்க. 1465லருந்து இருக்குற ஓஸ்தெரியா தெல் ஸோலேங்கிற ஒயின் கடைக்கு சில டூர் கூட்டிட்டு போகும், அங்க குடிக்க மட்டும் தான் தருவாங்க, சாப்பாடு நாம தான் வெளிய வாங்கிட்டு போகணும், மெனு எங்கனு தேடாதீங்க.

கடைசில வாங்குறப்ப தான் நிறைய பேர் ஏமாறுறாங்க. பால்சமிக் வினிகர்ல ‘ட்ரடிசியொனாலே’ங்கிற வார்த்தை இருக்கானு பாருங்க. அது இருந்தா திராட்ச சாற மட்டும் காய்ச்சி மரப்பீப்பாய்ல குறைஞ்சது 12 வருஷம் வச்சது, ‘எக்ஸ்ட்ராவெக்யோ’ன்னு இருந்தா 25 வருஷம். மோதெனாவோடது எப்பவும் 100 மில்லி உருண்ட பாட்டில்ல தான் வரும், ஜொர்ஜெட்டோ ஜூஜாரோனு கார் டிசைன் பண்றவர் வரைஞ்ச பாட்டில். அந்த வார்த்த இல்லாதது திராட்ச சாறும் ஒயின் வினிகரும் கலந்தது, சாலட்டுக்கு நல்லாவே இருக்கும், ஆனா அதுக்கு அந்த விலைய குடுக்காதீங்க. சீஸ் வாங்கினா ‘ஸொட்டோவூட்டோ’னு சொல்லுங்க, காத்து எடுத்து பேக் பண்ணி தருவாங்க. லண்டன்லருந்து போற நம்மவங்க கவனிங்க, 2025 ஏப்ரல்லருந்து ஐரோப்பிய யூனியன் நாடுகள்லருந்து சொந்த உபயோகத்துக்குனு கூட சீஸும் கறியும் பிரிட்டனுக்குள்ள கொண்டு வரக்கூடாதுனு தடை போட்டிருக்காங்க, வாங்குறதுக்கு முன்னாடி அப்ப என்ன விதினு ஒரு தடவ பாத்துக்கங்க, ஏர்போர்ட்ல எடுத்து வச்சிடுவாங்க. வினிகருக்கு அந்த தடை கிடையாது, ஆனா பாட்டில பெரிய பெட்டில துணி சுத்தி வைங்க.